துணி போர்த்திய காரணம்

காரணம் கேட்கும் மனிதர்களை நீங்கள் அறிவீர்கள்; காரணம் சொல்லும் மனிதர்களையும் அறிவீர்கள். இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் இனம் ஒன்று உண்டு. தமக்கே தெரியாத காரணத்துக்காகத் தொண்டை வறள வாதாடும் இனம் அது. எந்த மண்ணிலும் முளைக்கும், எந்தத் தட்பவெப்பத்தையும் தாங்கும். ஆயினும் அது செழித்துக் கொழித்துத் தழைக்கும் இடமென்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்றே ஒதுங்கி, பைன் மரங்களுக்குப் பின்னால் நிற்கும் சன்னலில்லாத ஒரு மாளிகையைத்தான் சுட்ட வேண்டும். அதற்கு முறையான பெயர் உண்டு. அவ்வட்டாரத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. முடிதிருத்தகத்திலும் மீன் கடையிலும் 'கட்டடம்' என்பார்கள்; எந்தக் கட்டடம் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அங்கேதான் திருவாளர் வென்டல் ஹாப்குட் வழக்கறிஞராக இருந்தார்.

அரசின் பாதுகாப்பு நிறுவனத்தில் வழக்கறிஞர் என்றதும் உங்கள் கற்பனை ஓடத் தொடங்கியிருக்கும். சற்றே நிறுத்துங்கள். ஒற்றறிபவர்களும் மாதச் சம்பளக்காரர்களே. அவர்களுக்கும் விடுப்பு மறுக்கப்படும், பதவி உயர்வு தவறும், நாற்காலி கிறீச்சிடும், பக்கத்து மேசைக்காரர் மைக்ரோவேவ் அடுப்பில் மீனைச் சூடாக்கி மாடி முழுவதையும் மணக்கச் செய்வார். மனம் நொந்தவர் வழக்குத் தொடுப்பார். அப்போது நிறுவனத்தின் பக்கம் நின்று, மீனைச் சூடாக்கியது சட்டப்படி சரியே என்றோ தவறே என்றோ வாதாட ஒருவர் வேண்டும். அவர்தான் ஹாப்குட்.

அண்டை அயலாருக்கு இது தெரியாது. அவர் கடைக்குள் நுழையுமுன் கழுத்து அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போடுகிற விதமும், "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்றால் "அரசாங்கத்துல, காகித வேலை" என்று கண்ணைத் தாழ்த்துகிற விதமும் சேர்ந்து, இவர் நேற்று மாலைதான் எங்கோ ஓர் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார் என்ற எண்ணத்தைத் தெருவில் பரப்பியிருந்தன. ஹாப்குட் அதை மறுத்ததில்லை. அந்த வாரம் அவர் கவனித்த வழக்கு, கழிவறைச் சாவியைப் பற்றியது.

அவருடைய மனைவி லொரெய்ன் மட்டும் ஏமாறவில்லை.

"வாங்க வாங்க. இன்னிக்கு உலகம் தப்பிச்சுதா?" என்பாள், அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம்.

"அதப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாது, லொரெய்ன்."

"ராத்திரிக்கு நண்டு வடையா, பீட்சாவா? அதையாச்சும் சொல்லலாமா?"

"ரெண்டையுமே இப்போதைக்கு விலக்கிடல" என்பார் ஹாப்குட். மாமியார் கூடத்துக்குள் நுழைந்தால், வாசித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். ஊரெல்லாம் வாங்கிய செய்தித்தாள்தான். பழக்கம் விடுமா?

இந்த இனத்தைக் குரலாலும் அடையாளம் காணலாம். ஹாப்குட்டிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. முதலாவது: "காரணம் உண்டு." இரண்டாவது: "அது நல்ல காரணம்." மூன்றாவது: "அதற்குமேல் என்னால் சொல்ல இயலாது." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரலை ஒரு படி இறக்குவார், மூன்றாவதன்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அந்தக் கண்ணாடி கழலும் கணத்தில் கலங்கிப்போவார்கள். பெரிதாக ஏதோ இருக்கிறது, இவருக்குத் தெரிந்திருக்கிறது, நம் நன்மைக்காகத்தான் சொல்லாமல் விடுகிறார் என்று எண்ணிக்கொண்டு கோப்பை மூடிவிடுவார்கள்.

அவருக்கு ஒன்றும் தெரியாது.

கட்டடத்தின் முறை அப்படி. அங்கே ஒவ்வோர் இரகசியத்துக்கும் தனிக் கதவு, தனி அனுமதி. வழக்கை நடத்த எவ்வளவு தேவையோ அவ்வளவே வழக்கறிஞருக்குச் சொல்லப்படும். பெரும்பாலும், "ஒரு காரணம் இருக்கு, பார்த்துக்கோங்க" என்பதே போதுமான அளவு என்று கருதப்படும். ஹாப்குட் இதில் குறை கண்டதில்லை, பெருமையே கண்டார். தனக்குப் பின்னால் இருப்பது என்ன என்று சுவர் என்றாவது திரும்பிப் பார்த்ததுண்டா? பார்க்காததனால்தானே அது சுவர்!

இப்படிச் சுவராக நின்று புகழ் சேர்த்தவரின் வாழ்வில் ஒடெஸா டில்லரி வந்து சேர்ந்தாள்.

ஒடெஸா கட்டடத்தின் உட்புற அறை ஒன்றில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காதில் விழுவதைத் தட்டச்சு செய்பவள். என்ன விழும் என்பது நமக்கு வேண்டாம். ஐம்பத்தெட்டு வயது, உரத்த சிரிப்பு, பேச்சில் மேற்கு பால்டிமோர்த் துடுக்கு. அவளுக்கு விரல்களில் ஒரு நோய். குளிர் பட்டால் இரத்தக்குழாய் சுருங்கி விரல்கள் மெழுகுவர்த்தி போல் வெளுத்து மரத்துவிடும். அந்த அறையோ, அங்குள்ள இயந்திரங்களின் நலனுக்காகக் குளிர்பெட்டி போல் வைக்கப்பட்டிருக்கும் அறை; அவளுடைய இடமோ, குளிர்காற்று இறங்கும் துவாரத்துக்கு நேர் கீழே. கதவருகே ஒரு மேசை இருந்தது. அங்கே குளிர் அவ்வளவாக இல்லை. அங்கே யாரும் உட்காருவதும் இல்லை. அந்த இடத்தைக் கேட்டாள். அறையின் மேலாளர் ரஸ்ஸல் டக்வொர்த், மனிதர் நல்லவர், வருத்தத்தோடு தலையசைத்தார். முடியாது. ஏன்? காரணம் இருக்கிறது. கையுறை போட்டுப் பார்த்தாள். கையுறையோடு தட்டச்சு செய்தால் ஓர் எழுத்துக்குப் பதில் மூன்று எழுத்து விழுந்தது. சூடேற்றி கேட்டாள், அறைக்குள் சூடேற்றி கூடாது. இந்தக் குளிரில் இன்னும் ஓராண்டு உழைத்தால் விரல்களை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அதற்குமுன் வெளியேறினால் அரைகுறையோடு போக வேண்டும்.

ஒடெஸா வழக்குத் தொடுத்தாள். மேசை கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் வேலையா, விரலா என்று அவளே தேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

செல்போன்களைப் பூட்டி வைக்கும் பெட்டிகளுக்கு முன்னால் ஒருநாள் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"என்ன வக்கீலய்யா, என்னைய ஐஸ் மாதிரி உறைய வெச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன காரணம்னு உங்களுக்காச்சும் தெரியுமா?"

"காரணம் உண்டு."

"அதான் என்னங்கறேன்."

"அது நல்ல காரணம்."

"தெரியாதுன்னு சொல்லுங்க சாமி, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்த ரூமுக்குள்ள நீங்க கால் வெச்சதுகூட இல்லைல்ல? அந்த மேசை மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லக்கூடாது, நீங்க கேக்கக்கூடாது. எதுக்காக எனக்கு அது கிடைக்கலன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. நல்லாருக்குல்ல இந்தக் கூத்து?" என்று சிரித்தவள், தன் கைகளை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தாங்க, பாருங்க. இதாச்சும் ரகசியம் இல்லை."

நகங்களுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. ஹாப்குட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இம்முறை அது தந்திரத்துக்காக அன்று, பார்க்காமலிருப்பதற்காக.

விசாரணைக்கு வந்தவர் வெளியிலிருந்து வரும் நீதிபதி, பெர்னிஸ் நோவக். வேலையிடத்து அநீதிகளை விசாரிப்பதே அவருடைய தொழில். எந்த இரகசிய அனுமதியும் இல்லாதவர். ஆகையால் கட்டடத்தின் முகப்பிலுள்ள கூட்ட அறையில்தான் அவரை உட்கார வைத்தார்கள். கழிவறைக்குப் போவதென்றாலும் துணைக்கு ஒருவர் போனார். நீதிபதியம்மாள் எல்லாவற்றையும் கேட்டார், குறித்துக்கொண்டார், பிறகு, "அந்த மேசையை ஏன் கொடுக்க முடியாது?" என்றார்.

ஹாப்குட் எழுந்தார். மூன்று வாக்கியங்களும் வரிசையாக, படிப்படியாகத் தாழ்ந்த குரலில், மிக அழகாக இறங்கின. கண்ணாடி கழன்றது.

நீதிபதி கலங்கவில்லை. "எனக்குச் சொல்லக்கூடாதுன்னா பரவாயில்லை, மிஸ்டர் ஹாப்குட். உங்களுக்குத் தெரியுமா?"

அத்தனை ஆண்டுப் பணியில் யாரும் கேட்காத கேள்வி அது. விடையில்லாத கேள்வி என்பதன்று. விடை மிகவும் சுலபமாக இருந்ததே சங்கடம். ஹாப்குட் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

"அடுத்த தடவை வரும்போது தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நல்ல காரணம்தான்னு உங்க வாயால, தெரிஞ்சு சொல்லுங்க. நான் வழக்கை மூடிடறேன்" என்றார் நீதிபதி.

ஒரு நல்ல சுவரை இப்படித் திரும்பிப் பார்க்கச் சொல்லலாமா? ஆனால் நீதிபதியின் கட்டளை. ஹாப்குட் விண்ணப்பித்தார், உறுதிமொழி எடுத்தார், வாழ்நாள் முழுவதும் வாய் திறப்பதில்லை என்று கையொப்பமிட்டார். அறைக்குள் ஓர் அறை, அதற்குள் இன்னோர் அறை. கடைசிக் கதவைச் சாத்திவிட்டு டக்வொர்த் அவர் பக்கமாகக் குனிந்தார். எத்தனையோ ஆண்டுகளாகக் காத்த காரணங்களின் முகத்தை ஹாப்குட் இதோ முதன்முறையாகக் காணப்போகிறார்!

"காபி மெஷின்" என்றார் டக்வொர்த்.

"எது?"

"அந்த மேசை மேல இருக்கறது. எங்க ரூம் காபி மெஷின்."

ஹாப்குட் காத்திருந்தார். இதற்குப் பின்னால் ஏதேனும் இருக்க வேண்டுமே.

"அவ்வளவுதான் சார். முந்தி இருந்த மேலாளர் அந்த ரூமுக்கு வரைபடம் போட்டாரு. எந்த எந்த இயந்திரம் எங்கெங்க நிக்குதுன்னு. ஏழு இயந்திரம், ஏழும் நிஜமாவே ரகசியம். எட்டாவதா காபி மெஷினையும் குறிச்சுட்டாரு, ஒண்ணு விடாத மனுஷன். மொத்தப் படத்துக்கும் ரகசிய முத்திரை விழுந்துது. ஒரே முத்திரைக்குள்ள இருக்கறதெல்லாம் ரகசியம்தானே? காபியையும் சேர்த்து."

"அந்த முத்திரையை எடுக்கச் சொல்லலாமே?"

"போட்டவர்தான் எடுக்கணும். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

"மெஷினையாவது வேற எடத்துக்கு நகர்த்தலாமே?"

டக்வொர்த் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நகர்த்த எழுதிக் கேக்கணும் சார். எழுதிக் கேட்டா அது அங்க இருக்குன்னு நாமளே சொன்னதா ஆயிடும். அது அங்க இருக்குங்கறதுதானே ரகசியம்!" பிறகு சற்றுக் கனிவாக, "நல்ல மெஷின் சார். தானாவே போட்டுடும், காலைல பத்துக்கு ஒரு தடவை, மத்தியானம் மூணுக்கு ஒரு தடவை. ஆளுக்கு ஒரு கப்" என்றார்.

அன்றிரவு வீட்டில் ஹாப்குட் சாப்பிடவில்லை. உலகம் தப்பித்ததா என்று லொரெய்ன் வழக்கம்போல் கேட்டாள். அவள் கோப்பையை நீட்டினாள்.

"காபி வேணாம்."

"ஏங்க?"

அவர் வாயைத் திறந்தார், கையொப்பம் நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். சமையலறை மேடையில் இருந்த தங்கள் சொந்தக் காபி இயந்திரத்தை, அது ஏதோ வேற்று நாட்டுக்கு வேலை செய்வதுபோல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வாட்டியது இந்த ஓர் இயந்திரமன்று. இவர் மூடச்செய்த கோப்புகள் எத்தனை! விடுப்பு மறுக்கப்பட்டவர், மாற்றல் மறுக்கப்பட்டவர், கதவருகே மூன்று வாக்கியங்களைக் கேட்டுவிட்டுத் தலைகுனிந்து திரும்பியவர். அவை ஒவ்வொன்றின் பின்னாலும் பெரிய காரணம் இருந்தது என்றுதானே நம்பினார்? அத்தனையும் காபி இயந்திரங்களாக இருந்திருந்தால்?

இரண்டாம் விசாரணை. அதே அறை, அதே நீதிபதி. ஒடெஸா கைகளைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டீங்களா, மிஸ்டர் ஹாப்குட்?"

"தெரிஞ்சுக்கிட்டேன்."

"காரணம்?"

"உண்டு."

"நல்ல காரணமா?"

இரண்டாம் வாக்கியம் வரவேண்டிய இடம். எத்தனையோ ஆண்டுகளாகத் தானே நடந்து வந்து நாக்கில் உட்காரும் வாக்கியம் அன்று வரவில்லை. ஹாப்குட் தொண்டையைச் செருமினார். தேடினார். டக்வொர்த் கவலையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார் நீதிபதி பெருமூச்செறிந்து. "நீங்க சொல்ல வேண்டாம். நான் அந்த இடத்தையே ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாமா? வாதி பக்கம் என்ன சொல்றீங்க?"

"தாராளமா வாங்கம்மா, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள் ஒடெஸா.

எல்லாரும் ஹாப்குட்டைப் பார்த்தார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஆட்சேபிப்பார். அதற்காகத்தானே அவரைப் படைத்தது! மற்றவர்களுக்குத் தும்மல் எப்படியோ அப்படி அவருக்கு ஆட்சேபணை. சாட்சி உட்காருமுன் ஆட்சேபிப்பார். உட்கார்ந்த நாற்காலியை ஆட்சேபிப்பார். ஒருமுறை மதிய உணவு இடைவேளையையே ஆட்சேபித்திருக்கிறார்.

"ஆட்சேபணை இல்லை" என்றார் ஹாப்குட்.

டக்வொர்த்தின் பேனா கீழே விழுந்தது.

"நாளைக்கு வந்தால் வசதியாக இருக்கும்" என்று ஹாப்குட் மேசையைப் பார்த்தவாறே தொடர்ந்தார். "காலை பத்து மணிக்கு."

வெளியாள் ஒருவர் உள்ளறைக்குள் வந்தால் செய்ய வேண்டியவற்றைக் கட்டடத்துக்காரர்கள் தூக்கத்திலும் செய்வார்கள். கதவின்மேல் சிவப்பு விளக்கு சுழலத் தொடங்கியது. "வெளியாள் வர்றாங்க!" என்று ஒருவர் குரல் கொடுத்தார். திரைகள் இருண்டன. பேச்சு நின்றது. எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். இரகசியப் பொருள் எதுவாயினும் அதன்மேல் கறுப்புத் துணி விழ வேண்டும் என்பது விதி. ஏழு இயந்திரங்களின்மேலும் விழுந்தது. விதி என்றால் விதிதானே? டக்வொர்த் கடமை தவறாதவர். எட்டாவதன்மேலும் போர்த்தினார்.

நீதிபதி பெர்னிஸ் நோவக் உள்ளே வந்தார். குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒடெஸாவின் இடத்தில் நின்று மேலே துவாரத்தைப் பார்த்தார். தம் விரல்களை ஒருமுறை ஊதிக்கொண்டார். பிறகு திரும்பிக் கதவருகே இருந்த மேசைக்கு வந்தார். மேசையின்மேல் கறுப்புத் துணி. துணிக்கு அடியில் ஏதோ ஒன்று.

அந்த ஏதோ ஒன்று கொப்பளித்தது.

களக், களக் என்று ஓர் ஒலி. துணியின் நடுப்பகுதி மெல்ல உப்பி, தாழ்ந்து, மறுபடியும் உப்பியது. ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. அதோடு கிளம்பிய மணத்தை விவரிக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு அந்த மணம் என்னவென்று தெரியாதவர் உலகில் இல்லை. சுவரைப் பார்த்து நின்ற முதுகுகள் சில குலுங்கத் தொடங்கின.

"மிஸ்டர் டக்வொர்த், இது என்னன்னு கேக்கலாமா?"

"கேக்கலாம்மா. நான்தான் சொல்லக்கூடாது."

"நாட்டுக்கு அவ்வளவு முக்கியமா?"

டக்வொர்த் பொய் சொல்லத் தெரியாதவர். சற்று யோசித்தார். "காலைல ரொம்ப முக்கியம்மா."

துணிக்கு அடியிலிருந்து பீப் பீப் என்று ஒலி வந்தது. தயாராகிவிட்டது என்பதற்கான அறிகுறி. ஒடெஸா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாள்தோறும் தானே கோப்பையை நீட்டி நிரப்பிக்கொண்டதுதான் அந்தக் காரணம்!

நீதிபதி ஹாப்குட்டின் பக்கம் திரும்பினார். ஹாப்குட் கண்ணாடியைக் கழற்றவில்லை. நேராகப் பார்த்தார். உறுதிமொழியை இம்மியும் மீறவில்லை.

"எனக்கு ரகசிய அனுமதி கிடையாது" என்றார் நீதிபதி நிதானமாக. "என் மூக்குக்கும் கிடையாது. அதனால நான் எதையும் பார்க்கல, எதையும் மோந்து பார்க்கல. இந்த மேசைகிட்ட ஒரு ஆள் உக்கார இடம் இருக்குங்கறது மட்டும் தெரிஞ்சுது. மிஸஸ் டில்லரி இங்க உக்காரட்டும். துணிக்கு அடியில இருக்கறது எதுவோ அது அவங்க இடத்துக்குப் போகட்டும். அதுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா, கொண்டு வாங்க, விசாரிக்கலாம்."

அதிகம் மகிழ்ந்தவர் டக்வொர்த்தான். "பேரே சொல்லாம உத்தரவு போட்டாங்க பாத்தீங்களா சார்! எழுதிக் கேக்க வேண்டியதும் இல்லை, ஒத்துக்க வேண்டியதும் இல்லை. இதுதான் சார் நீதி!" என்று வெளியே வந்து ஹாப்குட்டின் கையைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தோற்றவர்கள் இத்தனை களிப்போடு கலைந்த வழக்கை அந்தக் கட்டடம் அதற்குமுன் கண்டதில்லை.

ஒடெஸா இடம் மாறினாள். விரல்களில் மெல்ல நிறம் திரும்பியது. அடுத்த வாரம் செல்போன் பெட்டிகளுக்கு முன்னால் ஹாப்குட்டை மறித்து நின்றாள்.

"பத்து மணின்னு நீங்களே சொன்னீங்களே வக்கீலய்யா, அது ஏன்?"

"காரணம் உண்டு" என்றார் ஹாப்குட்.

"நல்ல காரணமா?"

"நல்ல காரணம்தான்மா" என்றார். குரல் இறங்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருக்கும். ஆனால், துவாரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்த பொருள், அன்று முதல் ஊற்றுகிறபோதே ஆறிப்போகத் தொடங்கியது. அறையிலுள்ளவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்திருக்கிறார்கள்: பெயர் குறிப்பிட இயலாத ஒன்று, சொல்ல இயலாத ஓரிடத்தில் இருப்பதனால், பணிச் சூழல் தாங்க முடியாததாகிவிட்டது என்று. நிறுவனத்தின் சார்பில் வாதாடுபவர் ஹாப்குட். காரணம் தெரிந்து வாதாடும் முதல் வழக்கு. வாதம் முன்புபோல் சிறக்கவில்லை என்று பேச்சு.

சரி, நீங்கள் ஏன் இவ்வளவு நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள்? உங்களுக்கும் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை என்பதனாலா? பின்வாசல் கதவை ஏன் எப்போதும் பூட்டியே வைக்கிறீர்கள் என்று குடியிருப்பில் யாரோ கேட்டபோது, "மேல சொல்லியிருக்காங்க" என்றது யார்? அந்த அலுவலக மரபை ஏன் மாற்றக்கூடாது என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டபோது, "அதெல்லாம் ஒரு காரணத்துக்காகத்தாம்மா" என்று குரலை ஒரு படி இறக்கியது யார்? இறக்கியபோது உங்களுக்குக் காரணம் தெரிந்திருந்ததா? மறுக்கிறீர்கள். மறுப்பதற்குக் காரணம் உண்டு என்கிறீர்கள். நல்ல காரணம் என்கிறீர்கள். இருக்கட்டும், நான் வற்புறுத்தவில்லை. ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால், துணிக்கு அடியில், ஏதோ கொப்பளிக்கிறதே, அது என்ன?